ஜன்னல் மேடையில் ஒரு பரங்கி விதை

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், நாங்கள் குடியிருக்கும் ஊரில், ஏப்ரல் பிறந்த பிறகும் சாலையோரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடக்கும். மரங்களில் ஓர் இலை இருக்காது. ஆனால் என் மகள் படிக்கும் இரண்டாம் வகுப்பு அறைக்குள் வசந்தம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வெயில் விழும் ஜன்னல் மேடையில் வரிசையாகப் பிளாஸ்டிக் கப்புகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண், ஒரு விதை, ஒரு பெயர். மூலையில் மூடி போட்ட டப்பாக்களுக்குள் கம்பளிப்புழுக்கள். பக்கத்தில் கோழி முட்டைகள் அடுக்கிய இன்குபேட்டர். சுவரில் 21 நாள் கணக்கு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மரம் நடும் நாள். இந்த நாட்டில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போனாலும் இந்தப் பட்டியலில் பாதியாவது இருக்கும்.

இதையெல்லாம் முதலில் தொடங்கியது யார்? வகுப்பாசிரியையிடம் கேட்டேன். தான் படித்தபோதும் செய்ததாகவும், தன் அம்மா படித்தபோதும் செய்ததாகவும் சொன்னார். பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். மூன்று தலைமுறையாக ஒரு பழக்கம் கைமாறி வருகிறது என்றால் அதற்கு ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும். தேட ஆரம்பித்தேன்.

மரம் நடும் நாளின் வரலாறு சுலபமாகக் கிடைத்தது. நெப்ராஸ்கா மரமில்லாச் சமவெளி. அங்கே குடியேறிய பத்திரிகை ஆசிரியர் ஜே. ஸ்டெர்லிங் மார்ட்டன் சொன்ன யோசனைப்படி, 1872 ஏப்ரல் 10 அன்று அந்த மாநிலம் முழுவதும் மரம் நட்டார்கள். அது பெரியவர்களின் விழா. 1882இல் ஒஹையோவின் சின்சினாட்டி நகரப் பள்ளிப் பிள்ளைகள் மரம் நட ஊர்வலமாகப் போனதற்குப் பிறகுதான் அது பள்ளிக்கூட விழாவாக மாறிப் பரவியது. நியூயார்க் மாநிலம் 1888இல் அதைச் சட்டமாக்கியது. விழாவை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குரிமையும் கிடைத்தது. 1891இல் அவர்கள் மாநில மலராக ரோஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டமன்றம் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1955இல். பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த சார்லஸ் பாப்காக், மரத்துக்கு நாள் இருந்தால் பறவைக்கும் நாள் வேண்டும் என்று 1894 மே மாதம் பறவை நாளைத் தொடங்கி வைத்தார்.

இவையெல்லாம் ஒருநாள் விழாக்கள். ஆண்டுக்கொரு முறை மரம் நட்டு, பாட்டுப் பாடி, வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு குழந்தை தன் பெயர் எழுதிய கப்பைத் தினமும் எட்டிப் பார்ப்பது வேறு சங்கதி. அந்த யோசனையின் வேரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஜெர்மனிக்குப் போய்ச் சேரலாம். 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று தன் பள்ளிக்குப் பெயர் வைத்த ஃபிரெடரிக் ஃபுரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகச் சிறு பாத்தி கொடுக்கச் சொன்னார். அமெரிக்காவிலேயே பார்த்தால், சிகாகோவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்த வில்பர் ஜாக்மன் 1891இல் இயற்கைப் பாடத்துக்கு ஒரு நூல் எழுதினார். பாடங்களை மாதவாரியாகப் பிரித்தார். பள்ளியாண்டு செப்டம்பரில் தொடங்கும் நாட்டில் அப்படிப் பிரித்தால், விதையும் புழுவும் முட்டையும் தாமாகவே ஆண்டின் கடைசிப் பகுதிக்கு, வசந்தத்துக்கு, வந்து விழும்.

ஆனால் ஆயிரக்கணக்கான சாதாரணக் கிராமப் பள்ளிகளுக்குள் இது எப்படி நுழைந்தது என்பதற்கு விடை எங்கள் மாநிலத்திலேயே, இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அந்த விடை மகிழ்ச்சியான கதை அல்ல.

1890களின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயம் நொடித்துப்போனது. விளைபொருளுக்கு விலை இல்லை. நியூயார்க் மாநிலக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் நகரத்தை நோக்கிக் கிளம்பின. அங்கே வேலையில்லாமல் தர்ம ஸ்தாபனங்களின் வாசலில் நின்றன. நகரத்துத் தனவந்தர்கள் கூடிப் பேசினார்கள். ஜார்ஜ் பவல் என்பவர் சொன்ன யோசனை: கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் மண்ணின் மேல் ஈடுபாடு வரும்படி பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள், அவர்கள் ஊரை விட்டு ஓட மாட்டார்கள். 1894இல் மாநில அரசு கார்னெலுக்கு 8,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் முளைத்ததுதான் கார்னெலின் ‘இயற்கைப் பயில்வு’ இயக்கம். என் மகளின் ஜன்னல் மேடைக் கப்புக்குப் பின்னால் கடனில் மூழ்கிய விவசாயிகள் நிற்கிறார்கள் என்பதைப் படித்தபோது, கொஞ்ச நேரம் மேற்கொண்டு பக்கம் புரட்ட முடியவில்லை. நம் ஊர்களிலும் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களை அறிந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பணம் வந்தது. ஆனால் கிராமப் பள்ளி ஆசிரியைகள் தாவரவியலோ விலங்கியலோ படித்தவர்கள் அல்லர். பலருக்கு வயது இருபதுகூட இல்லை. ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடத்தினார்கள். அவர்களுக்காகக் கார்னெலில் துண்டு வெளியீடுகள் அச்சிட முடிவு செய்தார்கள். 1896 டிசம்பரில் வந்த முதல் வெளியீட்டை எழுதியவர் கார்னெலின் தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. மிச்சிகனில் பழத்தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள்: நம் பரங்கியின் இனமான ஸ்குவாஷ் செடி, விதையிலிருந்து எப்படி வெளியே வருகிறது?

முதல் வெளியீடு என்றால் பெரிதாக எதையாவது சொல்லத்தான் தோன்றும்: விவசாயத்தின் மேன்மை, இயற்கையின் பேரழகு. பெய்லி ஒரு விதையை எடுத்துக்கொண்டார். நிறைய விதைகளை ஊன்றி, தினமும் ஒன்றைத் தோண்டி எடுத்துப் பார்க்கச் சொன்னார். இந்த ஒரு வரி யோசனையைத்தான் இந்தத் தேடலில் கிடைத்தவற்றிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன். குழந்தைக்கு ஒரே ஒரு விதை கொடுத்தால் அது முளைக்குமா முளைக்காதா என்ற கவலைதான் மிஞ்சும். இருபது விதை கொடுத்துத் தோண்டிப் பார்க்க அனுமதித்தால், மண்ணுக்கடியில் நடப்பது முழுவதும் அதற்குத் தெரிந்துவிடும்.

அதையே வீட்டிலும் செய்து பார்த்தோம். சமையலுக்கு வாங்கிய பரங்கியின் விதைகளை ஒரு தட்டு மண்ணில் படுக்கைவாட்டில் ஊன்றினோம். முதலில் கூர்நுனி பிளந்து வெள்ளை வேர் நீட்டி, வளைந்து கீழே போயிற்று. அடுத்து எடுத்த விதையில், வேரும் தண்டும் சேரும் இடத்தில், அடிப்பக்கமாக ஒரு சின்னப் புடைப்பு. மர ஆப்பு மாதிரி ஒன்று. அது விதையுறையின் கீழ் ஓட்டின் விளிம்பைக் கெட்டியாக மிதித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு தண்டு வில்லாக வளைந்து மேலே எழும்ப, மேல் ஓடு திறக்க, இரண்டு விதையிலைகளும் நடுவிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தன. ஓடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. மேலாகவும் நெட்டுக்குத்தாகவும் ஊன்றிய சில விதைகளில் ஓடு கழலவில்லை. இலைகள் தொப்பி போட்டுக்கொண்டு மேலே வந்தன. “அம்மா, கால் வச்சு அமுக்கிக்கிட்டு சட்டையைக் கழட்டுது” என்றாள் மகள். பெய்லி சொல்ல வந்ததும் அதுதான்.

அந்த ஆப்பை முதலில் பார்த்தவர் பெய்லி அல்ல. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் அது இருக்கிறது. ஆப்பைப் பற்றிய ஆராய்ச்சி அத்தோடும் நிற்கவில்லை. புடைப்பு ஏன் எப்போதும் அடிப்பக்கம் மட்டும் வருகிறது? புவியீர்ப்பாலா? 1998இல் ஜான் கிளென் தம் 77ஆம் வயதில் விண்வெளிக்குப் போன ‘டிஸ்கவரி’ பயணத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பரங்கியின் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளரி விதைகளை அனுப்பினார்கள். எடையற்ற நிலையில் முளைத்த நாற்றுகளில் புடைப்பு இரண்டு பக்கமும் வந்தது. மேல்பக்கத்தில் அதை வரவிடாமல் தடுப்பது புவியீர்ப்பு என்று தெரிந்தது. கிராமப் பள்ளிப் பிள்ளைகளைத் தோண்டிப் பார்க்கச் சொன்ன அதே இடத்தை நூறாண்டு கழித்து விஞ்ஞானிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெய்லி போட்ட பாதையை அகலப்படுத்தியவர் ஆனா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக். பூச்சியியல் பேராசிரியரான கணவர் ஜான் ஹென்றியின் நூல்களுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்துகொடுத்தவர். மாநிலம் முழுக்கச் சுற்றி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினார். 1899இல் கார்னெல் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கொடுத்தது. பெண்ணுக்கு அந்தப் பட்டமா என்று அறங்காவலர்கள் எதிர்க்க, அதை விரிவுரையாளர் என்று குறைத்தார்கள். முழுப் பேராசிரியர் ஆக அவர் 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். இடைப்பட்ட காலத்தில், 1911இல், அவர் கொண்டுவந்த இயற்கைப் பயில்வுக் கையேடு 900 பக்கங்களைத் தாண்டும். நஷ்டம்தான் வரும் என்று கணவரே கணக்குப் போட்டிருந்தார். அது பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளுக்குப் போய், இன்றும் அச்சில் இருக்கிறது.

அந்தக் கையேட்டில் விலங்குகளைப் பற்றிய பாடங்கள் கோழியில்தான் தொடங்குகின்றன. எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் கையெட்டும் பறவை என்பதால். இறகு எப்படி மழையைத் தள்ளுகிறது, கோழி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று கேள்வி கேள்வியாகப் போகும். விடையைச் சொல்லிவிடாமல் குழந்தையைப் பார்க்க வைக்கும் கேள்விகள். தெரியாத ஒன்றைக் குழந்தை கேட்டால், எனக்குத் தெரியாது என்று ஆசிரியர் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும், பிறகு இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது காம்ஸ்டாக்கின் பிடிவாதம். ஆசிரியரின் இரண்டு சொற்களில் ஒரு வகுப்பறையின் குணமே மாறிவிடும். நான் படித்த பள்ளியில் அந்தச் சொற்களை எந்த ஆசிரியரும் உதிர்த்துக் கேட்டதில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜான் ஸ்பென்சர், பழத்தோட்ட விவசாயி. பிள்ளைகளுக்கு ‘ஜான் மாமா’. மாநிலம் முழுவதும் இளம் இயற்கையாளர் சங்கங்கள் அமைத்தார். சந்தா என்ன தெரியுமா? தான் பார்த்ததைப் பற்றிப் பிள்ளை எழுதும் கடிதம். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

பிறகு இயக்கம் தளர்ந்தது. முறையான அறிவியல் பாடமே வேண்டும் என்ற குரல் 1920களில் வலுத்தது. வகுப்பறைக்குப் பாடநூல் வந்தது. ஜன்னல் மேடை காலியாயிற்று என்று சொல்ல முடியாது, ஆனால் ஓரங்கட்டப்பட்டது. அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்தது, யாரும் எதிர்பாராத ஒன்று: 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோள். நம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்கள் என்று அமெரிக்கா பதறியது. தேசிய அறிவியல் அறக்கட்டளை பணத்தைக் கொட்டியது. 1960இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய தொடக்கநிலை அறிவியல் திட்டத்தை முதலில் வழிநடத்தியவர்களில் ஒருவர் டேவிட் ஹாக்கின்ஸ். அணுகுண்டு தயாரான லாஸ் அலமோஸின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய மெய்யியல் பேராசிரியர். அவரும் கூட்டாளிகளும் ராக்கெட் பாடம் எழுதவில்லை. விதை வளர்த்தல், மாவுப்புழுவின் நடத்தை, பேட்டரியும் பல்பும் என்று பாடங்கள் செய்தார்கள். முதலில் பிள்ளைகள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இஷ்டப்படி அளையட்டும், பாடம் பிறகு வரட்டும் என்று 1965இல் ஹாக்கின்ஸ் எழுதினார்.

கம்பளிப்புழு டப்பா அதற்குப் பிந்தைய வரவு. எரிக் கார்ல் எழுதிய பசிக்காரப் புழுவின் கதை 1969இல் வெளியாகி எல்லா வகுப்புகளுக்கும் போயிற்று. உயிருள்ள புழுவைத் தபாலில் விற்கும் வியாபாரமும் வளர்ந்தது. வகுப்புகளில் வளர்ப்பது பெரும்பாலும் ‘பெயின்டட் லேடி’ என்ற வண்ணத்துப்பூச்சி. அது பல நூறு வகைச் செடிகளைத் தின்னும். தயாரித்த தீவனத்திலும் வளரும். இந்தியா உட்பட உலகின் பெரும்பகுதியில் இருக்கிறது. கூட்டிலிருந்து வெளிவரும்போது அது சிவப்பாக ஒரு திரவத்தைக் கழிக்கும். வகுப்பில் பல பிள்ளைகள் ரத்தம் என்று பயந்தார்கள். ஆசிரியை உடனே விடையைச் சொல்லாமல், எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார். அவர் காம்ஸ்டாக்கைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருடைய ஆசிரியையும் இப்படித்தான் செய்திருப்பார்.

என் மனத்தில் ஒரு குறை நிற்கிறது. டப்பாவோடு ஒரு தாளும் வருகிறது: நான்கு கட்டங்கள், முட்டை, புழு, கூடு, பூச்சி, வண்ணம் தீட்டு. பல வகுப்புகளில் குழந்தைகள் புழுவைப் பார்ப்பதைவிட அந்தத் தாளைப் பார்க்கும் நேரமே அதிகம். தாளில் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விடை. பெய்லியும் காம்ஸ்டாக்கும் ஒழிக்க நினைத்தது அதைத்தான். புழு இருக்கட்டும், இன்குபேட்டர் இருக்கட்டும். அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்பேன்.

தமிழ்நாட்டில் ஏப்ரல் பரீட்சை மாதம், அடுத்து விடுமுறை. நம் பள்ளிகள் இந்த வசந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1950இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவம் என்ற மரம் நடும் விழாவை ஜூலையில் வைத்தது மழைக்காலம் என்பதால்தான். நமக்கு ஆடிப்பட்டம் இருக்கிறது. அப்போது பள்ளியும் திறந்திருக்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, அடுத்த ஆடியில் சந்தையில் ஒரு முற்றின பரங்கிப் பத்தை வாங்குங்கள். விதைகளைக் கழுவி, பிள்ளைக்குப் பத்தாகக் கொடுங்கள். பாதியைப் படுக்கையாகவும் பாதியை நெட்டுக்குத்தாகவும் ஊன்றச் சொல்லுங்கள். முளைவிடத் தொடங்கியதிலிருந்து தினமும் ஒன்றைத் தோண்டிப் பார்க்க விடுங்கள். அந்த ஆப்பை அவர்களே கண்டுபிடிக்கும்வரை தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.