ஒன்றரை நொடி

சுருளிப்பட்டித் தோட்டத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும் சொட்டுநீர் மோட்டார் தானாக ஓட வேண்டும். அதற்காகவே மோட்டார் ரூமில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை மாட்டியிருந்தேன். லினக்ஸில் ஓடுவது. மண்ணின் ஈரத்தைப் பார்த்து ரிலேயைத் தட்டும், அளவுகளை எஸ்டி கார்டில் எழுதி வைக்கும். போன சித்திரையில், பன்னீர் திராட்சை காய் பிடித்து நின்ற நேரம், அப்பா போன் செய்தார்.

"கரண்டு வந்து அரை மணி ஆச்சுடா. லைட்டு மினுக்கி மினுக்கி அணையுது, மோட்டார் எடுக்கலை."

மினுக்கலுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. போர்டில் வாட்ச்டாக் உண்டு. மின்சாரம் வந்து 8 நொடிக்குள் என் புரோகிராம் எழுந்து குரல் கொடுக்காவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். வழக்கமாக 7 நொடி போதும். மிச்ச நேரத்தை எது தின்றது?

கம்பத்திலிருந்து வண்டியில் போய், சீரியல் வயரை மாட்டி, லினக்ஸின் மையமான கர்னலின் பதிவை ஓடவிட்டேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நொடிக் கணக்கு இருக்கும். 2.1இல் ஒரு வரி, அதற்கடுத்து 3.6 வரைக்கும் எஸ்டி கார்டு பற்றிய புலம்பல் மட்டும்தான். பிழை எண் -110, அதாவது நேரம் கடந்துவிட்டது. கார்டைக் கழற்றினேன். மோட்டார் எடுத்தது.

அப்பாவுக்கு அதோடு வேலை முடிந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. இயங்குதளம் கார்டிலா இருக்கிறது? போர்டோடு பற்றவைத்த மெமரி சிப்பில் அல்லவா இருக்கிறது! கணக்கு எழுதும் கார்டு தாமதமானால் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும்? தேனியில் புதுக் கார்டு வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் நாலு மாத மின்வெட்டில் அதுவும் இப்படித்தான் ஆகும்.

அன்றிரவு கர்னலில் எஸ்டி கார்டையும் சிப்பையும் கவனிக்கும் எம்எம்சி பகுதியைத் திறந்தேன். கோப்பின் தலையில் பெயர்கள்: ரஸ்ஸல் கிங் 2003-2004, இயன் மோல்டன் 2004, பியர் ஒஸ்மன் 2005-2008. கீழே நான்கு எண்கள்: 400000, 300000, 200000, 100000. கார்டோடு முதலில் 400 கிலோஹெர்ட்ஸில் பேசிப் பார்ப்பது, சரிவராவிட்டால் படிப்படியாக இறங்குவது. இந்த மெதுவான பேச்சு 1997இல் வந்த எம்எம்சி கார்டின் வழி வந்தது. ஒரே கம்பியில் பல கார்டுகளை மாட்டலாம் என்ற ஏற்பாடு அது. அடையாளம் கேட்கும் கட்டத்தில் எந்தக் கார்டும் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தாது. ஒரு ரெசிஸ்டர் மட்டுமே மெல்ல உயர்த்தும், அதனால் வேகம் கூடாது.

பிறகு கர்னல் "தயாரா?" என்று 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, 100 தடவை கேட்கிறது. எஸ்டி விதிமுறை கார்டுக்குக் கொடுத்த அவகாசம் அந்த 1 நொடிதான். என் கார்டு அதற்குள் தயாராகவில்லை. கர்னல் அதன் மின்சாரத்தை வெட்டி, 300 கிலோஹெர்ட்ஸில் மறுபடி எழுப்ப, அப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறது.

சரி, கார்டு தாமதம். சிப் ஏன் காத்திருந்தது? விடியும் நேரத்தில் அந்த வரி கண்ணில் பட்டது. கார்டு தேடும் வேலைகள் எல்லாம் ஒரே வரிசையில், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. என் போர்டில் எஸ்டி கார்டு முதலில் நின்றது.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். "முறைக்காரன் தூங்கிட்டான்னா அடுத்த வயக்காரன் மடை திறக்கக் கூடாதாக்கும்?" என்றார். அதேதான்.

போர்டோடு வந்த கர்னல் பழசு. பின்னால் வந்தவற்றில் தேடினால், இதைத் திருத்தியிருந்தார் கர்னல் எழுதுபவர்களில் ஒருவரான உல்ஃப் ஹான்சன். 2016இல் வெளிவந்த 4.6இல் அது சேர்ந்தது. தான் சோதித்த போர்டில் எஸ்டி கார்டு வரிசையில் முந்திக்கொண்டதால் இரண்டு உள்மெமரிகள் சில நேரம் 1 முதல் 1.5 நொடி வரை காத்திருந்தன என்று காரணமும் எழுதியிருந்தார். என் ஒன்றரை நொடி, அப்படியே! எழுந்து முற்றத்தில் நாலு நடை நடந்தேன்.

மாற்றத்தைப் பழைய கர்னலில் சேர்த்துக் கட்டினேன். மோட்டார் ஓடியது. மூன்றாம் நாள் கார்டைப் பார்த்தால் காலி! இப்போது தேடல்கள் எல்லாம் வரிசையில் நிற்காமல் ஒரே நேரத்தில் ஓடியதில், சிப் முந்திக்கொண்டு 0 என்ற சாதன எண்ணை எடுத்துவிட்டது. முன்பு அது கார்டின் எண். ஈரக் கணக்கெல்லாம் சிப்பின் பூட் பகுதியில் போய் விழுந்திருந்தது. கர்னல்காரர்களுக்கும் இதே தலைவலி வந்து, எண்ணை ஸ்லாட்டோடு கட்டிப்போட்டார்கள். நான் கார்டை அதன் மாறாத அடையாளமான யூயூஐடியால் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

நேற்றைய பதிவில் சிப் 2.2இல் எழுந்திருக்கிறது. கார்டு, வழக்கம்போல, 3.6இல்.