காமன் கூற்று

சனிக்கிழமைகளில் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் நாலாம், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை வருதே என்று ஒரு நாள் சொல்வதெழுதல் வைத்தேன். காற்று, நேற்று, கிணற்றில். கொப்பிகளைத் திறந்தால் எல்லாரும் ஒரே மாதிரி: காத்து, நேத்து, கெணத்தில்.

காதில் விழுவதைத்தானே எழுதியிருக்கிறார்கள். எங்க வீட்டிலயும் காத்துதான் வீசும். ஆனாலும் சிவப்புப் பேனையால் அடித்து, எல்லாத்துக்கும் ‘ற்று’ போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை கட்டுரையில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: “எங்கள் தோட்டத்தில் காமன் கூற்று ஆடுவார்கள். எங்கள் வீட்டில் பற்றுக் கோழி இருக்கிறது.” விழுந்து விழுந்து சிரிச்சேன். கூற்று என்றால் எமன் என்று விளங்கப்படுத்தினேன். (காமனை எரிக்கிற கூத்துக்கு அந்தப் பெயர் அவ்வளவு பிழையும் இல்லை.) அவன் சிரிக்கவில்லை.

“அப்ப எங்கம்மா பேசுறது எல்லாம் பிழையாக்கா?”

பதில் வரல்ல.

அன்றைக்கு ராத்திரி ஹொஸ்டலில் யாழ்ப்பாணத்து ரூம்மேட்டிடம் ‘காற்று’ சொல்லச் சொன்னேன். அவளுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடவில்லை. கொஞ்சம் மேலே, ஈறில் முட்டுது. ‘மீற்றர்’, ‘லீற்றர்’ என்று நம்ம நாட்டில் ஏன் ‘ற்’ போட்டு எழுதுகிறோம் என்பது அப்பதான் பிடிபட்டது. மலையாளத்திலும் காற்று இப்படித்தான். எங்க வாயில் அந்த ஒலி ‘த்’துக்குள் கரைஞ்சு போச்சு, எழுத்து மட்டும் மிச்சம். அம்மா பேசுறதில் பிழை எங்கே இருக்கு?

அடுத்த சனிக்கிழமை சிவப்புப் பேனையை எடுக்கவில்லை.

“வயித்து வலின்னா எங்க வலிக்கும்?”

“வயிறு!”

“அதுல ‘று’ இருக்கா? அப்ப வயிற்று வலி.” ஆறு, ஆற்றில். சேறு, சேற்றில். கிணறு, கிணற்றில். பிள்ளைகளே கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முத்துக்கும் பத்துக்கும் அப்படி ஒரு ‘று’ கிடையாது, அதனால் ‘த்து’வே.

கூத்துக்காரத் தம்பி விடல்ல. “கூறுன்னா சொல்லுறதுதானே அக்கா? அப்ப கூற்று சரிதானே?”

“சரிதான். ஆனா காமன் கூத்த சொல்லுறாங்களா, ஆடுறாங்களா?”

காற்று, நேற்று இரண்டுக்கும் இந்தச் சூத்திரம் உதவாது. பாடமாக்கத்தான் வேணும். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

இப்போ கொப்பியின் நடுவில் ஒரு கோடு. இடப் பக்கம் ‘வீட்டுல’, வலப் பக்கம் ‘பரீட்சையில’. பத்து, எழுத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். போன கிழமை அவன் இடப் பக்கத்தில் தானாகவே ‘மூணு’, ‘கன்னுக்குட்டி’ என்று சேர்த்திருந்தான். வலப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.