விலைச்சீட்டு இல்லாத பறை

வணிகத்தைப் பற்றி மறையுரையில் நாம் நல்ல வார்த்தை சொல்வது அரிது. கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளை ஆண்டவர் கவிழ்த்த காட்சி நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால், சந்தை என்றாலே பாவத்தின் பக்கத்து வீடு என்பதுபோலப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் நாகல் நகரில் வாழும் ஒரு டிரம்ஸ் கலைஞர் மும்பைச் சந்தை ஒன்றில் கண்டு வந்ததைக் கேட்ட பிறகு, சந்தைக்கும் நம்மிடம் சொல்ல ஒரு சொல் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர்களின் மொழி இன்றும் திண்ணைகளில் கேட்கும். அங்கே ஒரு மாடியறையில் இந்த இளைஞர் தம் இசைக்கருவிகளோடு குடியிருக்கிறார். திருமண வரவேற்புகளிலும் மேடைக் கச்சேரிகளிலும் வாசிப்பார். ஞாயிறு தோறும் எங்கள் பாடகர் குழுவில் அமர்வார். அவருடைய தந்தை, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு சிற்றூரில், ஒரு காலத்தில் பறையடித்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதைப் பரணில் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனவர். மகன் டிரம்ஸ் கற்றதில் அவருக்கு மகிழ்ச்சிதான். அது சாவு வீட்டுக்கு அழைக்கப்படாத கொட்டு அல்லவா!

மும்பை கோரேகானில் நடைபெறும் பாம் எக்ஸ்போ, ஒலி, ஒளி, இசைக்கருவித் தொழிலாருக்கான கண்காட்சி. ஒலிபெருக்கிகள் வாங்கப் புறப்பட்ட மைக்செட்காரர் ஒருவருக்குத் துணையாக இவர் சென்றார். வாயிலில் பதிவு செய்யும்போதே சிக்கல் தொடங்கிற்று. விற்பவரா, வாங்குபவரா, வாடகைக்கு விடுபவரா, ஒலிப் பொறியாளரா என்று கேட்டார்கள். வாசிப்பவர் எந்த வகையில் சேருவார் என்று இவருக்குத் தெரியவில்லை. மைக்செட்காரரே முந்திக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லி, கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார். இரண்டு நாளும் தாம் யாராக அங்கே நடமாடினோம் என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

உள்ளே கண்டவற்றில் அவர் பலமுறை திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. மின்னணு டிரம்ஸ் வைத்திருந்த இடத்தில் ஒருவர் வியர்வை வழிய வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒலி முழுவதும் அவர் காதில் மாட்டியிருந்த கருவிக்குள்ளேயே அடங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கு வலைத்துணியின்மேல் கோல் படும் மெல்லிய தட்டல் மட்டுமே கேட்டது. “ஊமை அழற மாதிரி இருந்துச்சு ஃபாதர்” என்றார்.

அடுத்த கூடத்தில்தான் அவரை நிறுத்திய பொருள் இருந்தது. ஒரு வளையம், அதன் ஒருபுறம் மட்டும் இழுத்துக் கட்டிய வெண்மையான நெகிழித் தோல். பெயர்ப்பலகையில் ஏதோ ஆங்கிலப் பெயர். இவருக்கோ அது பரணில் கிடக்கும் அப்பாவின் பறையாகவே தெரிந்தது. விலைச்சீட்டில் இருந்த தொகை, அவர் தந்தை கட்டட வேலையில் பத்து நாள் ஈட்டும் கூலியைவிட அதிகம்.

இந்த நெகிழித் தோலுக்கு ஒரு வரலாறு உண்டு. கன்றுத்தோல் ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும். மேல்நாட்டுக் கலைஞர்களுக்கு அது ஓயாத தொல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மைலார் என்ற நெகிழிப் படலத்தைக் கொண்டு தோல் செய்யும் முறை வந்தது. ரெமோ பெல்லி என்ற டிரம்ஸ் கலைஞர் 1957இல் தொடங்கிய நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. 1901இல் உருவான நாம் என்ற அமெரிக்க இசை வணிகர் சங்கம் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடத்தும் பெருங்கண்காட்சிக்குப் போனால், டிரம்ஸ் வரிசையில் விலங்குத் தோலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே தொல்லையைப் பொறியியலால் தீர்த்தார்கள்; நம்மூரில் வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டித் தீர்த்தார்கள். புளியங்கொட்டைப் பசையால் வளையத்தில் ஒட்டிய தோல் தீயருகில் முறுகி, விரலால் சுண்டினால் கணீரென்று பேசும். (பறைதல் என்றாலே பேசுதல்தானே.) இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். ஆனால் பதனிட்ட தோல் பறைக்கு உதவாது. மயிர் நீக்கி உலர்த்திய பச்சைத் தோலுக்கே நாதம் உண்டு.

அந்தப் பச்சைத் தோலில்தான் நம் சமுதாயத்தின் நோய் ஒட்டிக்கொண்டது. ஓசை எல்லாருக்கும் வேண்டும். செத்த மாட்டின் தோலைத் தொட்ட கை மட்டும் தீட்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையைச் சேர்த்து எண்ணுகிறது. அத்தகைய பறையை இழிவின் அடையாளமாக்கி, ஒரு சாராரின் கட்டாய ஊழியமாக்கினோம். கர்நாடக இசையின் மேடையும் இதற்கு விலக்கல்ல. மிருதங்கம் கட்டுவோரின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். அதில் வருவோரில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள், நம் திருமுழுக்குப் பதிவேடுகளில் பெயர் உள்ளவர்கள். பாலக்காடு மணி ஐயரின் விரல்களை உலகம் அறியும். அவருக்கு மிருதங்கம் கட்டித் தந்த பர்லாந்துவை எத்தனை பேர் அறிவர்?

திருச்சபையும் கொட்டைக் கண்டு நெடுங்காலம் தயங்கியே நின்றது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆவணத்தில், கொட்டையும் தாளத்தையும் இரைச்சலான கருவிகள் என்று கூறி ஆலயத்தில் விலக்கினார். சரியாக அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழலார்கனுக்கு முதன்மை தந்ததோடு, தூய வழிபாட்டுக்குத் தக்கவையான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. ‘தக்கவை’ என்ற அந்த ஒரு சொல்லின் வாசலில் கீபோர்டும் கிட்டாரும் தபேலாவும் விரைவாக உள்ளே வந்துவிட்டன. செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் எடுத்த கருவி எபிரேயத்தில் ‘தோப்’ எனப்படும். வளையத்தில் தோல் கட்டிய கைக்கொட்டு அது. பறைக்கு நெருங்கிய உறவு. தமிழில் அதைத் தம்புரு என்றும் மத்தளம் என்றும் வாசித்துப் பழகியதால் அந்த உறவு நம் கண்ணில் படுவதில்லை.

பறையை மீட்கும் பணியும் நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் வழிகாட்டலில் சக்தி கலைக்குழு 1990களிலிருந்து தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்துத் தலைநிமிர்ந்து ஆடச் செய்தது. அதே ஆண்டுகளில், இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று கருவியையே உதறிய ஊர்களும் பல. எடுத்தவர்களும் விடுத்தவர்களும் ஒரே மானத்துக்காகத்தான் போராடினார்கள். மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது இரு சாராரும் மகிழ்ந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

மும்பையிலிருந்து திரும்பிய மகன், கைப்பேசியில் எடுத்த படத்தைத் தந்தையிடம் காட்டினார். அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. விலைச்சீட்டைத்தான் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். “அங்க எல்லாத்துக்கும் விலை எழுதியிருக்குப்பா. குடுக்கிறத வாங்கிட்டுப் போன்னு யாரும் சொல்லல” என்றார் மகன். தந்தை வெகுநேரம் பேசாமல் இருந்தாராம்.

இதற்குச் சில நாள் கழித்து, ஆலயத் திருவிழாத் திருப்பலியில் காணிக்கைப் பவனிக்குப் பறை முழங்கினால் நன்றாயிருக்கும் என்று பங்குப் பேரவையில் இளைஞர்கள் கேட்டனர். பண்பாட்டுமயமாதல் பற்றி இருவர் அழகாகப் பேசினார்கள். தந்தையையும் அழைத்திருந்தோம். எழுந்து நின்று, கையைக் கட்டாமல், அவர் சொன்னது இவ்வளவுதான்: “கோயிலுக்குள்ள கூப்பிடுறீங்க, சந்தோசம் சாமி. எம்புட்டுக் குடுப்பீங்கன்னு யாரும் சொல்லலியே.”

அவையில் ஒரு சங்கடம் பரவியது. புனிதமான காரியத்தில் பணப் பேச்சா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். கீபோர்டு வாசிப்பவருக்குப் பேசிய தொகை மூவாயிரம் என்பது அந்தப் பெரியவருக்கும் தெரியும். திராட்சைத் தோட்ட உவமையை நாம் இறைவனின் தாராளத்துக்கு எடுத்துக்காட்டாக விளக்குகிறோம், அது சரியே. ஆனால் அந்த நிலக்கிழார் விடியற்காலையில் முதலில் செய்தது கூலி பேசியது. நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி முடித்த பிறகே ஆள்களைத் தோட்டத்துக்கு அனுப்பினார். பேசிய கூலி இருந்ததால்தான் மாலையில் அவருடைய தாராளம் தாராளமாகத் தெரிந்தது. கூலியே பேசப்படாத இடத்தில் தரப்படுவதற்குப் பெயர் வேறு. பறையடித்தவரின் முன்னோர் அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

தந்தை கேட்டவை மூன்று. கீபோர்டுக்காரருக்கு என்ன தொகையோ அதே தொகை. பாடகர் குழுவின் அருகில் நாற்காலி. திருவிழாக் கணக்கில் ‘இதரச் செலவு’ என்ற இடத்தில் அல்லாமல், ‘இசை’ என்ற தலைப்பின்கீழ் பதிவு. மகன் நான்காவதாக நெகிழித் தோல் பற்றி ஏதோ சொல்ல வந்தார். “அது வேணாம்” என்று தந்தை அமர்த்திவிட்டார்.

முதல் இரண்டுக்கும் பேரவை அன்றே ஒப்புக்கொண்டது. மூன்றாவதுக்குப் பொருளாளர் முந்தைய கணக்குகளைப் பார்த்துச் சொல்வதாகக் கேட்டிருக்கிறார். கொடியேற்றத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய பறையில் வளையம் பழுதின்றி இருக்கிறது, தோல்தான் கிழிந்துவிட்டது. புதுத் தோல் கட்டிக் காய வைக்க நாள் வேண்டும் என்பதால், பதிலை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடும்படி கேட்டுப் போயிருக்கிறார் அவர்.