பூட்டிய கதவு

2019 ஜனவரி மாதம். வாஷிங்டனில் எலும்பைத் துளைக்கும் குளிர். அனுமதிக் கட்டணமே இல்லையாமே என்று ஆசையோடு மியூசியத்துக்குப் போனால், கதவில் பூட்டு! சர்க்கார் மூடியிருக்கிறதாம்.

சர்க்காரைக்கூட மூடுவார்களா என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் மூடுவார்கள்! காங்கிரஸ் பணம் ஒதுக்காவிட்டால் இலாகாக்கள் நடக்க முடியாது. மெக்ஸிகோ எல்லையில் சுவர் எழுப்ப ஜனாதிபதி டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். டெமாக்ரடிக் கட்சியினர் இணங்கவில்லை. ஓரகத்திகள் சண்டையில் உலை ஏறாத வீடு மாதிரி, 35 நாள் பல இலாகாக்களில் அடுப்பு அணைந்தது.

சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. பலர் சம்பளமில்லாமலே வேலைக்கு வந்தார்கள். பென்ஸில்வேனியா அவென்யூவில் ஹோஸே ஆண்ட்ரேஸ் என்ற சமையல் நிபுணரின் குழுவினர் அவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சூப்புக்காக வரிசையில் நின்றதைப் பார்த்தபோது என் மனம் என்னவோ செய்தது.

அதே வீதியின் கோடியில் காப்பிடல் மாளிகையின் வெள்ளைக் கும்மட்டம் பளபளத்தது. அங்கே வாதாடிய அங்கத்தினர்களுக்கு மட்டும் சம்பளம் நிற்கவேயில்லை!

ஜனவரி 25-ந் தேதி பூட்டுத் திறந்தது. சுவருக்குக் கேட்ட பணம் அன்று கிடைக்கவில்லை. பாடம் கற்றார்களா? 2025-ல் மறுபடியும் பூட்டினார்கள். இந்தத் தடவை 43 நாள்!