பூட்டிய பட்டியல்

இணையப் படிவங்களில் மாகாணத்தைத் தெரிவு செய்யும்வரை மாவட்டப் பட்டியல் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும். வடக்கைத் தொட்டால் 5 மாவட்டங்கள் திறக்கும். யாழ்ப்பாணத்தைத் தொட்டால் நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, வேலணை முதலிய பிரதேச செயலகங்கள் வரும். எங்கள் நயினாதீவு வேலணைக்குள் அடக்கம். 'டிசேபிள்ட்' என்ற ஒரு சொல்தான் பூட்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வரி அதைத் திறக்கும். மன்னாருக்குள் நெடுந்தீவைப் பதிந்துவிடும் பிழை இதனால் நேராது.

ஆனால் ஐ.சி.டி. படிக்கும் தோழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூட்டிய பட்டியலில் உள்ள விடை திரையில் தெரிந்தாலும், படிவத்தை அனுப்பும்போது அது போய்ச் சேராது.

எங்கள் உம்மும்மா பிறந்தது நயினாதீவில். வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாண நகரில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். வசிக்கும் மாவட்டம் புத்தளம் என்றதும் சொந்த ஊர்ப் பட்டியல் பூட்டிக்கொண்டால், அவருடைய நயினாதீவு எங்கும் பதியாது.

பிழையைத் தடுக்கப் பூட்டுவோம். ஒருவரின் உண்மையான விடைக்கு வழி விடுவோம். பிறந்த ஊருக்கும் வசிக்கும் ஊருக்கும் தனித்தனிப் பட்டியல் வைப்பது நமக்குச் சில வரி வேலைதான். உம்மும்மாவுக்கோ அது சொந்த ஊர்.