சேற்றில் ஓடப் பயின்றோம்

சேற்றைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! சகதி, அளறு, அள்ளல், உளை, தொளி என அடுக்கிக்கொண்டே போகலாம். வயலைக் குறிக்கும் 'செறு' என்னும் சொல்லும் 'சேறு' என்னும் சொல்லும் உடன்பிறப்புகளோ என ஐயுறும் அளவுக்கு ஒலியால் நெருங்கி நிற்கின்றன. வள்ளுவரோ அளறு என்னும் சொல்லை நரகத்திற்கே பெயராக்கிவிட்டார். வகுப்பறையில் இச்சொற்களுக்குப் பொருள் கூறியே பதினெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, நாற்பத்து நான்காம் அகவையில் அவற்றின் மேல் வயிறு பதித்து ஊர்ந்து செல்லும் வாய்ப்பு வாய்த்தது. "ஆய்வுக் கட்டுரை வேண்டாம் ஐயா, அந்த ஓட்டத்தைப் பற்றி எழுதுங்கள்" என்று மலர்க்குழு மாணவர்கள் கேட்டுக்கொண்டமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

தடைதாண்டும் சேற்று ஓட்டம் என்பது யாது? ஐந்து கிலோமீட்டர் தொலைவுள்ள ஒரு பாதை. இடையிடையே பதினைந்து தடைகள். எட்டடிச் சுவர், கயிற்று வலை, கைமாற்றித் தொங்கிக் கடக்க வேண்டிய கம்பிகள், பனிக்கட்டி மிதக்கும் நீர்த்தொட்டி, தோளில் சுமக்க வேண்டிய மணல்மூட்டை, தலைக்கு மேல் முள்கம்பி கட்டிய சேற்றுப் பள்ளம். நாங்கள் சென்றது 2025 பிப்ரவரியில் பெங்களூர்ப் புறநகரில் நடந்த ஓட்டத்திற்கு. நான் ஒருவன், முதுகலை மாணவர் நால்வர், ஆக ஐவர். எங்களுள் எவரும் அதற்கு முன் இத்தகைய போட்டியைக் கண்ணாலும் கண்டதில்லை.

இது பொழுதுபோக்கற்றவர்களின் புதுக் கேளிக்கை என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். இதற்கு வரலாறு உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் ஜோர்ஜ் எபேர் என்பவர், 1902 மே 8ஆம் நாள் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துச் சான் பியேர் நகரமும் ஏறத்தாழ 30,000 மக்களும் அழிந்த காலத்தில், அங்கே மீட்புப் பணியில் ஈடுபட்டவர். பின்னாளில் அவர் வகுத்த உடற்பயிற்சி முறையில் நடத்தல், ஓடல், ஏறல், தூக்கல், எறிதல், நீந்தல் ஆகிய இயல்பான செயல்களே இடம்பெற்றன. பிறருக்குப் பயன்படவே ஒருவன் வலிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. படைவீரர்களின் தடைப்பயிற்சிப் பாதைக்கு அவர் முறை ஊற்றாயிற்று. அதனைப் பொதுமக்களின் போட்டியாக்கியவர்களுள் முன்னோடி, இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகரை அடுத்த பண்ணை ஒன்றில் 1987இல் குளிர்காலச் சேற்றோட்டத்தைத் தொடங்கிய பில்லி வில்சன் என்னும் முன்னாள் படைவீரர். 2010இல் அமெரிக்காவில் பெரிய அளவில் இது பரவியது. 1912 முதல் ஒலிம்பிக்கில் இருந்துவரும் நவீன ஐந்திறப் போட்டியில், 2021இல் டோக்கியோவில் முரண்டு பிடித்த குதிரையால் எழுந்த சர்ச்சைக்குப் பின், குதிரையேற்றத்தை நீக்கித் தடைதாண்டு ஓட்டத்தை 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டி முதல் சேர்க்க முடிவாகியுள்ளது. அங்கே சேறு இல்லை என்பது வேறு செய்தி. சேறில்லாத தடையோட்டம் எனக்கென்னவோ உப்பில்லாப் பண்டமாகவே தோன்றுகிறது.

எபேரின் கொள்கை என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியபோது எங்கள் தெருவின் தாழ்வான வீடுகளில் நீர் புகுந்தது. அண்டை வீட்டு முதிய அம்மையாரைச் சுற்றுச்சுவருக்கு மேலே தூக்கி, அடுத்த மனையின் மாடிப்படியில் சேர்க்க வேண்டியிருந்தது. என் கைகள் அவரை மார்பளவு உயர்த்தின. அதற்கு மேல் உயரவில்லை. நீரோ முழங்காலைக் கடந்துகொண்டிருந்தது. விடுதி மாணவர் இருவர் ஓடிவந்து, ஒருவர் சுவர்மேல் ஏறி, ஒருவர் கீழே நின்று, அம்மையாரைப் பூக்கூடையைப் போல ஏற்றிவிட்டனர். அம்மையார் இன்றும் நலமாக உள்ளார்; என்னைக் காணும்போதெல்லாம் வாழ்த்துகிறார். அந்த வாழ்த்து ஒவ்வொரு முறையும் என் தோள்களை நானே பார்த்துக்கொள்ளும்படி செய்தது. ஆகவே, 2024 நவம்பரில் மாணவர்கள் இந்த ஓட்டத்திற்கு ஐந்தாவது ஆள் தேடியபோது நானே என் பெயரைக் கொடுத்தேன்.

முதல் வேலையாக மருத்துவரிடம் சென்றேன். நாற்பதைக் கடந்தவர் எவரும் இதனைத் தவிர்க்கலாகாது. குருதி அழுத்தம், சர்க்கரை, இதயத்துடிப்புப் பதிவு மூன்றையும் பார்த்த பின்னரே அவர் தலையசைத்தார். ஐவரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரங்கள் வகுத்துக்கொண்டோம். களம், வறண்டு கிடந்த பாலாற்று மணல். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினோம். மணலில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவதைப் போன்றதன்று. ஊன்றிய கால் பின்னோக்கி நழுவும், கெண்டைக்கால் தீயாய் எரியும். வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும், எஞ்சிய நாள் ஓய்வு. ஒன்பதாம் வாரம் ஐந்து கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடினேன். ஓட்டத்தைப் பற்றி இதற்கு மேல் கூற ஒன்றுமில்லை. பொறுமையுள்ள எவருக்கும் அது கைகூடும்.

கூற வேண்டியது கைப்பிடியைப் பற்றி. புதியவர்கள் பெரும்பாலும் கால்களையே பழக்குகின்றனர். தடைகளில் பாதி கைகளைக் கேட்கின்றன. முதல் நாள் விளையாட்டுத் திடலின் இரும்புக் கம்பியில் நான் தொங்கிய நேரம் பதினொரு விநாடி. பன்னிரண்டாம் வாரம் நாற்பத்தெட்டு விநாடி. இவ்வளவுக்கும் கம்பி உலர்ந்திருந்தது. ஓட்டத்தில் நமக்கு முன் நூறு பேர் சேற்றுக்கையால் பற்றிய கம்பியே நமக்குக் கிடைக்கும் என்பதால், மாணவர் ஒருவர் கம்பியைச் சவர்க்கார நீரால் நனைத்துவிடும் வழக்கத்தைத் தொடங்கினார். அவரை அப்பொழுது வைதேன், பெங்களூரில் வாழ்த்தினேன்.

விடுதியின் பின்புற வேப்பமரத்தில் தடித்த கயிறு ஒன்றைக் கட்டினோம். கையால் மட்டும் ஏறுபவர் பாதியிலேயே சோர்ந்துவிடுவர். கயிறு ஒரு பாதத்தின் மேற்புறமாகச் செல்ல, மற்றப் பாதத்தால் அதனை மிதித்து இறுக்கினால் உடலின் பாரம் கால்களுக்கு மாறிவிடும். கைகள் வழிகாட்டினால் போதும். பதநீர் இறக்கும் பனையேறிகள் காலில் தளை மாட்டுவதும் இதே உத்திதானே என்று என் மாணவர் ஒருவர் கூறினார். அவர் பாட்டனார் பனையேறி.

இனிச் சேறு. மாணவருள் ஒருவரின் தந்தையார் உழவர். நவரைப் பட்டத்திற்கு அவர் சேறடித்து வைத்திருந்த வயலில், நடவுக்கு முன் இரண்டு நாள் பயில இசைவு கேட்டுச் சென்றோம். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நடவுக்கு ஆள் கிடைக்காம நான் அலையுறேன். நீங்க காசு கட்டிச் சேத்துல இறங்கப் போறீங்களா வாத்தியாரய்யா?" என்றார். பதில் கூற இயலவில்லை; இன்றும் இயலவில்லை. ஆயினும் அவர் வரப்பில் நின்று கற்பித்ததைப் போல எந்தப் பயிற்சியாளரும் கற்பித்திருக்க முடியாது.

சேற்றில் ஒரே இடத்தில் நிற்காதே, நின்றால் இறங்குவாய். எட்டி வைக்காதே, குறுக வை. காலை நேராக மேலே பிடுங்காதே. சற்றுத் திருகி, குதிகாலைச் சாய்த்து உருவு. இவை அவர் சொன்ன விதிகள். அவற்றின் காரணத்தை இயற்பியல் துறை நண்பர் பின்னர் விளக்கினார். சேற்றில் புதைந்த பாதத்தை நேராக இழுக்கும்போது அதன் அடியில் வெற்றிடம் உண்டாக முயல்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் பாதத்தைக் கீழே பிடித்து வைக்கிறது. திருகும்போது ஓரத்தில் காற்றோ நீரோ புக வழி ஏற்பட்டு அப்பிடி தளர்கிறது. போர்க்களத்தில் அஞ்சாத யானையும் சேற்று நிலத்தில் கால் ஆழ்ந்துவிட்டால் நரிக்கு இரையாகும் என்று இடனறிதலில் வரும் உவமையை இத்தனை ஆண்டுகள் இடத்தின் சிறப்பு என்று மட்டும் விளக்கிவந்தேன். அன்று முழங்காலளவு சேற்றில் நின்றபோது, அந்த யானையின் மேல் எனக்கு இரக்கம் பிறந்தது.

உடையிலும் ஒரு சொல். பருத்தி நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றதுதான். ஆனால் சேற்றுநீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். விரைவில் உலரும் செயற்கை இழைச் சட்டையும் முழங்காலை மறைக்கும் காற்சட்டையும் நன்று. அடிப்பகுதியில் ஆழ்ந்த பற்கள் உள்ள காலணி வேண்டும். அதுவும் ஏற்கெனவே அணிந்து பழகியதாக இருத்தல் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் வீட்டில் இருக்கட்டும்.

சேற்றை வேடிக்கையாக எண்ணுவோர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடாவில் கால்நடைப் பண்ணையில் நடந்த இத்தகைய ஓட்டத்திற்குப் பின் 22 பேருக்குக் குடல்நோய் கண்டது. சேற்றுநீரை விழுங்கியதே காரணம் என ஆய்வு காட்டியது. 2013இல் மேற்கு வர்ஜீனியாவில் உயரத்திலிருந்து சேற்றுநீரில் குதிக்கும் தடையில் இளைஞர் ஒருவர் மூழ்கி உயிர் நீத்தார். ஆகவே வாயை மூடிக்கொண்டு தவழப் பழகினோம். முன்னவர் நீரிலிருந்து எழுந்து விலகும்வரை பின்னவர் குதிப்பதில்லை என உறுதி கொண்டோம். நால்வருள் இருவருக்கு நீச்சல் தெரியாது. அந்த உழவரின் கிணற்றிலேயே, இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் கற்றுத் தேறினார். மற்றவருக்கு இறுதிவரை நீர் வசப்படவில்லை. ஆழமான நீர்த்தடையை அவர் விட்டு விலகிச் செல்வது என முன்னரே முடிவு செய்தோம். விதியும் அதற்கு இடம் தருகிறது. அவருக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பெற்றோருக்கு நான் விடை கூற வேண்டியவன் அல்லவா?

வயற்பயிற்சி முடிந்த மறுநாள் என் கால்விரல் இடுக்குகளில் புண் கண்டது. மருத்துவர் பூஞ்சைத் தொற்று என்றார். ஆங்கிலேயர் இந்நோய்க்கு விளையாட்டு வீரரின் பாதம் எனப் பொருள்படும் பெயரிட்டுள்ளனர். நாம் இதனைச் சேற்றுப்புண் என்கிறோம். ஒரே புண், அவர்கள் கண்ணில் வீரன் பட்டான், நம் கண்ணில் நாற்று நடுபவள் பட்டாள். உழவரின் இல்லத்தரசியார் என் பாதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மருதாணி அரைத்துப் பூசச் சொன்னார். அவர் விரல் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கான வடுக்கள் இருந்தன. மருந்துக்கடைக் களிம்பையே நான் பூசினேன் எனினும் அந்த வடுக்களை மறக்க முடியவில்லை.

எல்லாவற்றினும் மேலாகச் சுவர். விடுதியின் பின்சுவர் சற்றொப்ப எட்டடி. ஒருவர் ஒரு காலை மண்டியிட்டுக் கைகளைக் கோத்துப் படியாக்க, மற்றவர் அதில் ஏறிச் சுவரின் மேல் குதிரையேறுவதைப் போல் அமர்ந்து அடுத்தவரை இழுக்க வேண்டும். ஈரக்கையால் உள்ளங்கையைப் பற்றினால் வழுக்கும். மணிக்கட்டோடு மணிக்கட்டைப் பற்ற வேண்டும். கடைசியாக எஞ்சுபவருக்குக் கீழே படி இல்லை. அந்த இடத்தை மாணவர்கள் எனக்குத் தர மறுத்தனர். "நீங்கள் மேலே இருங்கள் ஐயா" என்றனர். மூத்தவன் மேலே பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எண்ணினர் போலும். மேலே இருப்பவனுக்குத்தான் ஐவரின் பாரமும் தோளில் இறங்குகிறது என்பது இரண்டாம் வாரமே அவர்களுக்கு விளங்கிவிட்டது. இடத்தை மாற்றச் சொன்னார்கள். நான் மாறவில்லை.

ஓட்டத்தன்று காலை பெங்களூர்க் குளிரில் பற்கள் தந்தியடித்தன. பனிக்கட்டித் தொட்டியில் இறங்கியதும் மூச்சு திணறும். அஞ்சாமல் மெல்ல வெளிமூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அடங்கும் எனப் படித்திருந்தோம். ஒரு நிமிடம் அவ்வளவு நீளமானது என்று எந்நூலும் கூறவில்லை. கம்பிகளில் இருமுறை விழுந்தேன். கயிற்றில் ஏறினேன். சுவரில் எங்கள் நால்வரையும் இழுத்து முடித்து இறங்கப் போகையில், கீழே கன்னடம் பேசும் அம்மையார் ஒருவர், என் வயதினர், தம் குழுவைத் தவறவிட்டு நின்றிருந்தார். மொழி தேவைப்படவில்லை. மணிக்கட்டை நீட்டினேன். கீழிருந்து யாரோ கை கோத்துப் படியாயினர். இம்முறை மார்பளவோடு நிற்கவில்லை. சுவர்மேல் வந்து அமர்ந்து, சேறு படிந்த முகத்தோடு ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபுறம் இறங்கி ஓடிவிட்டார்.

ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தோம். எங்களுக்குப் பின்னால் தொடங்கிய பலர் முன்னரே முடித்திருந்தனர். காலணியைக் கழுவ மூன்று வாளி நீர் பிடித்தது.

அடுத்த ஆண்டுக்கு இப்பொழுதே எழுவர் பெயர் தந்துள்ளனர். மாணவியர் மூவர் தனிக் குழுவாகச் செல்ல விரும்பி, உடற்கல்வித் துறைப் பேராசிரியை ஒருவரிடம் பேசிவருகின்றனர். உழவர் மட்டும் நிபந்தனை விதித்திருக்கிறார்: பயிற்சி முடிந்ததும் அரை ஏக்கர் நடவை முடித்துத் தர வேண்டுமாம். வேப்பமரத்துக் கயிறு இன்னும் அங்கேயே தொங்குகிறது. விரும்புவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம்.