கீழவாசல் கடையில் இரண்டு சிஸ்டம்

12 அக்டோபர் 2025, ஞாயிறு

இன்னும் இரண்டே நாள். 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன. கடையின் முன்பக்க சிஸ்டம் 2020-இல் அசெம்பிள் செய்தது, பத்தாம் தலைமுறை ஐ3. பின்பக்கத்தில் இருப்பது 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அப்படியானால் பின்னது கழிந்தது.

ஆனால் முன்னதற்கும் தகுதியில்லை என்றே வந்தது. பயாஸுக்குள் போய்த் தேடினால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதி அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி. எனேபிள் கொடுத்ததும் தகுதி வந்துவிட்டது. ஐந்து வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறது!

13 அக்டோபர், திங்கள்

அப்கிரேட் செய்வதா, பார்மட் அடித்துப் புதிதாகப் போடுவதா? புதிதாகப் போட்டால் ஐந்து வருஷக் குப்பை ஒழியும். ஆனால் பேஜ்மேக்கர் 7 சீடி வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. முகூர்த்தப் பத்திரிகை, சதய விழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

ராத்திரி அம்மாப்பேட்டையிலிருந்து அண்ணன் பேசினார். குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் சிக்கல். என் கவலையையும் சொன்னேன். "தாளை நல்லா மடக்கி உழுவலேன்னா, குறுவையில சிந்துன நெல்லு தாளடியில முளைச்சு கலந்து நிக்கும்டா. அதுக்காவ நாத்து கையில இல்லாம உழுதுட்டு என்ன பண்ணுவ?" என்றார்.

14 அக்டோபர், செவ்வாய்

முன்பக்கத்துக்கு அப்கிரேட்தான். டி டிரைவை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, யூபிஎஸ்ஸைச் சோதித்துவிட்டுத் தொடங்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பேஜ்மேக்கர் திறந்தது, பாண்டுகள் அப்படியே இருந்தன. பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது, டிரைவரை மறுபடி போட்டேன். பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரில் கிடக்கிறது. பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் திரும்பிப் போகலாம்.

16 அக்டோபர், வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு. கடையில் ஆளில்லை. பின்பக்க சிஸ்டத்தில் கை வைத்தேன். நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை திருத்தங்கள் கிடைக்கும். ஆனால் அடுத்த தீபாவளிக்கு இதே பேச்சு மறுபடி வரும். டி டிரைவைக் காப்பி எடுத்துவிட்டு மொத்தமும் பார்மட், பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்.

தைரியம் கொடுத்தவன் அக்கா மகன். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கியது. அதில் பழகியவன். தமிழ்99 விசைப்பலகையும் உடனே வந்துவிட்டது. ஒன்பது வருஷக் கிழம் துள்ளி எழுந்தது போலிருக்கிறது.

17 அக்டோபர், வெள்ளி

துள்ளலுக்கு ஆயுசு ஒரு நாள். பயிர்க் காப்பீட்டு மனு ஒன்றின் பழைய கோப்பைத் திறந்தால் வரிவரியாக ஆங்கில எழுத்து. பாமினி பாண்டில் அடித்தது அது. 'அ' என்று நமக்குத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். பாண்ட் போட்ட வேஷம். அந்த பாண்டுகள் டி டிரைவில் இல்லை, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தவை. பார்மட்டோடு போயின. தப்பு என்னுடையது.

முன்பக்கத்து சிஸ்டம் காப்பாற்றியது. அப்கிரேட் எதையும் தொடாததால் பாண்டுகள் அங்கே பத்திரம். பென்டிரைவில் கொண்டுவந்து போட்டதும் மனு தமிழானது.

24 அக்டோபர், வெள்ளி

இன்றோடு பத்து நாள். விண்டோஸ்.ஓல்டை நானே அழித்தேன். தீபாவளி முடிந்த கையோடு பாமினி மனுக்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். எனக்குத்தான் பதினைந்து வருஷம் பிடித்தது.

மறுபடி போட சீடியோ சீரியல் எண்ணோ இல்லாத மென்பொருளில் பிழைப்பு ஓடினால் அப்கிரேட். மற்றதற்கெல்லாம் பார்மட் அடித்துப் புதிதாகப் போடுவதே மேல். இனிமேல் ஓஎஸ் மாற்ற சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் முதலில் கேட்கவேண்டியது: "பாண்ட் ஃபோல்டரைக் காப்பி எடுத்தாச்சா?"